அந்நிய ஊரில் ஒரு பிடி சோறு

என்னிடம் முன்பு கணக்குப் படித்த பையன் ஒருவன் இப்பொழுது ஜப்பான் தேசத்தில், கடற்கரையோரம் உள்ள ஒரு சிறிய பட்டணத்தில், இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். சென்ற வாரம் அவனிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. ஊரைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்து தள்ளியிருந்தான். மலை இருக்கிறதாம், கடல் இருக்கிறதாம், ரயில் வண்டி நிமிஷம் தவறாமல் வருகிறதாம், ஜனங்கள் தங்கமான குணம் உடையவர்களாம். இரண்டாவது பக்கத்தில்தான் விஷயம் இருந்தது.

"ஸார், இங்கே எல்லாம் இருக்கிறது, சாப்பாடு மட்டும் இல்லை. காய்கறிச் சாறு என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் வாசனை அடிக்கிறது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இளைத்துவிட்டேன். புறப்படும்போது அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து வந்தேன். அதை இனிமேல் காப்பாற்ற முடியும் என்று தோன்றவில்லை. தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?"

கணக்குப் புஸ்தகத்திற்கு ஒரு சௌகரியம் உண்டு. விடைகளை எல்லாம் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்றவுடனே, அதே மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய வேறொரு வாலிபரின் ஞாபகம் வந்தது. பையனுக்கு எழுத எண்ணியதை இந்தப் பக்கத்தில் நேயர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பிள்ளையை வெளிதேசத்துக்கு அனுப்பிவிட்டு, "வேளைக்குச் சாப்பிடுகிறானோ, என்னவோ!" என்று ஏங்கும் தாய்மார் இன்று நம் நாட்டில் எத்தனையோ பேர் அல்லவா?

1888-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு அப்போது பத்தொன்பது வயது பூர்த்தியாகவில்லை. மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தொடுவதில்லை என்று, பேசர்ஜி ஸ்வாமி என்ற ஜைன சாதுவின் முன்னிலையில் தாயாருக்குப் பிரதிக்ஞை செய்து கொடுத்திருந்தார். கப்பலிலேயே சங்கடம் ஆரம்பித்துவிட்டது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று பரிசாரகனிடம் விசாரிக்கக் கூச்சம்; இங்கிலீஷில் சரளமாகப் பேச வராது; கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டு வந்த பட்சணங்களையும் பழங்களையும் தம்முடைய அறையிலேயே உட்கார்ந்து தின்று கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் ஜாகை கிடைத்தது. வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கவில்லை. உப்பும் மசாலையும் இல்லாமல் வேக வைத்த காய்கறி தொண்டையில் இறங்கவில்லை. குடியிருந்த வீட்டுக்கார அம்மாளின் பெண்கள் இருவரும் நல்ல மனம் படைத்தவர்கள். இந்த இந்தியப் பையன் பசியோடிருக்கிறானே என்று இரக்கப்பட்டு ரொட்டியில் ஒன்றிரண்டு துண்டு அதிகமாக வைப்பார்களாம். ஒரு முழு ரொட்டி இருந்தாலொழிய அவர் பசி அடங்காது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்கோ அவருக்கு வெட்கம்! நண்பர் ஒருவர் பெந்தாம் எழுதிய தத்துவ நூலையெல்லாம் எடுத்து வைத்துக் கொண்டு, மாமிசம் உண்பதே நியாயம் என்று வாதித்தார். "உங்கள் வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் கொடுத்த வாக்கை மீற மாட்டேன்" என்பதே காந்தியின் பதிலாக இருந்தது.

பட்டணத்தில் மரக்கறி உணவுச்சாலைகள் சில உண்டு என்று வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான். தினந்தோறும் பத்து மைல், பன்னிரண்டு மைல் என்று கால்நடையாக லண்டனைச் சுற்றத் தொடங்கினார். கடைசியில் ஒருநாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச்சாலை ஒன்று கண்ணில் பட்டது. வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்குப் புஸ்தகங்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் மரக்கறி உணவுக்காக ஹென்றி ஸால்ட் என்பவர் வாதாடி எழுதிய நூலும் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக் கொண்டு நேரே உள்ளே போனார். இங்கிலாந்தில் கால் வைத்த பிறகு வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இந்த இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று இருக்கிறது. அந்த நாள் வரையில், இந்தியர்கள் அனைவரும் மாமிசம் உண்ண வேண்டும் என்பதே காந்தியின் அபிப்பிராயம்! தாமும் ஒருநாள் பகிரங்கமாக உண்ணலாம் என்று எதிர்பார்த்துக் கொண்டிருந்தவர்தான். தாயாருக்குக் கொடுத்த வாக்கும் சத்தியத்தில் உள்ள பற்றுமே அவரைத் தடுத்து நிறுத்தின. ஸால்ட்டின் புஸ்தகத்தைப் படித்து முடித்த பிறகுதான், தாயாருடைய விரதம் மகனுடைய சொந்த விரதமாயிற்று.

ஹோட்டலைக் கண்டுபிடித்ததோடு சோதனை தீர்ந்துவிடவில்லை. காந்தி இப்படியே உணவுப் பைத்தியமாகிக் கெட்டுப் போகப் போகிறாரே என்று ஒரு சிநேகிதருக்குக் கவலை. நாடகம் பார்க்க அழைத்துப் போகும் வழியில், ஹோபர்ன் ரெஸ்டாரண்ட் என்ற பெரிய உணவுச்சாலையில் விருந்து வைத்தார். அத்தனை பெரிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டார் என்பது அவர் எண்ணம். முதலில் சூப் வந்தது. காந்தி பரிசாரகனைக் கூப்பிட்டு, அதில் மாமிசம் கலந்திருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். சிநேகிதருக்குக் கோபம் வந்துவிட்டது. நாகரிகமான இடத்தில் நடந்து கொள்ளத் தெரியாவிட்டால் எழுந்து போய் வேறெங்கேயாவது சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திரு என்று சொல்லிவிட்டார். காந்தி சந்தோஷமாக எழுந்து வெளியே வந்தார். பக்கத்தில் ஒரு மரக்கறி உணவுச்சாலை இருந்தது. ஆனால் அன்றைக்கு மூடிக் கிடந்தது. பட்டினியாகவே நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பினார். சிநேகிதத்துக்கு மட்டும் யாதொரு பங்கமும் வரவில்லை.

மூன்று வருஷம் கழிந்தது. 1891-ல் பாரிஸ்டராகி ஊருக்குத் திரும்பும் சமயத்தில், தம்முடைய மரக்கறி நண்பர்களுக்குக் காந்தி ஒரு விருந்து வைத்தார். எங்கே தெரியுமா? அதே ஹோபர்ன் ரெஸ்டாரண்டில்! மரக்கறி ஹோட்டலில் மரக்கறி விருந்து வைப்பதில் என்ன அதிசயம்? மாமிசம் சமைக்கும் இடத்திலும் அது ஏன் சாத்தியமாகக் கூடாது? இப்படி எண்ணி, மானேஜரிடம் முன்கூட்டியே பேசி, முழுவதும் மரக்கறியாலான விருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். எந்த மேஜையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்களோ, அந்த மண்டபத்திலேயே தம் உணவை வரவழைத்தார். சண்டை போட்டு அல்ல. முன்னதாகவே போய், விளக்கமாகச் சொல்லி, நியாயமான பணத்தையும் கொடுத்து வரவழைத்தார்.

இந்த இரண்டு விருந்துகளுக்கும் நடுவே அவர் கற்றுக் கொண்டவை பல. தனி அறை எடுத்து அடுப்பு வைத்துக் கொண்டார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும், இரவில் ரொட்டியும் கோக்கோவும். மத்தியானம் மட்டும் வெளியில் சாப்பாடு. சாப்பாட்டுச் செலவு தினம் ஒன்றேகால் ஷில்லிங்தான். லண்டன் மரக்கறிச் சங்கத்தின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில், பிரெஞ்சு பாஷையில் எழுதிய பதார்த்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தபோது, அதே மேஜையிலிருந்த வயது முதிர்ந்த அம்மாள் ஒருத்தி தானாகவே விசாரித்து, எதெதில் மாமிசம் இல்லை என்று காட்டிக் கொடுத்தாள். வாய் திறந்து கேட்கத் தெரியாதவனைப் பார்த்துத் தாமே கேட்கும் புண்ணியவதிகளும் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறார்கள்!

மரக்கறி ஹோட்டல்கள் ஏன் இப்படி அபூர்வமாக இருக்கின்றன என்பதற்கும் காந்தியின் சரித்திரத்திலேயே பதில் உண்டு. பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகரத்தில் ஒரு மாது பெரிய அளவில் மரக்கறி உணவுச்சாலை வைக்க முயன்றாள். கலையில் நல்ல ருசி, கணக்கிலோ சூனியம். தம்முடைய கட்சிக்காரர் ஒருவர் நம்பி ஒப்படைத்திருந்த பணத்திலிருந்து, அவருடைய சம்மதத்தின் பேரில், சுமார் ஆயிரம் பவுனைக் காந்தி அவளுக்குக் கொடுத்தார். இரண்டு மூன்று மாதத்துக்குள் அந்தப் பணம் திரும்பாது என்று தெரிந்துவிட்டது. கைப்பணத்தைப் போட்டுத் தாமே ஈடு செய்தார். ஹோட்டல் என்பது கொள்கையால் மட்டும் நடப்பதல்ல; தினந்தோறும் வந்து உட்காருகிறவர்களால் நடப்பது. எந்த ஊரிலாவது நமக்கேற்ற சிறிய கடை ஒன்று கண்ணில் பட்டால், குற்றம் கண்டுபிடித்துக் கொண்டிராமல் அடிக்கடி போய்ச் சாப்பிடுவதே அதற்குச் செய்யும் பெரிய உபகாரம்.

லண்டன் கதையைக் கேட்டுவிட்டு, "ஜப்பான் புத்தர் தேசமாயிற்றே, அங்கே ஏன் இந்தக் கஷ்டம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கி.பி. 675-லேயே டென்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் மாமிசத்தை வருஷத்தில் சில மாதங்கள் உண்ணலாகாது என்று ஆக்ஞை பிறப்பித்தார். அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் அந்நாட்டார் நாற்கால் மிருகங்களின் மாமிசத்தைப் பெரும்பாலும் விலக்கியே வந்தார்கள். மீனை மட்டும் விடவில்லை. 1872-ல் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி உண்டு அதைப் பகிரங்கப்படுத்தினார். மேல்நாட்டாரைப் போல் பலம் பெற வேண்டுமானால் மேல்நாட்டாரைப் போல் உண்ண வேண்டும் என்ற எண்ணம் அப்போது அங்கே பரவியிருந்தது.

இந்த எண்ணம் நமக்குப் புதிதா? ராஜ்கோட்டில் பள்ளிச் சிறுவனாக இருந்த காந்தியிடம் ஒரு தோழன் சொன்னதும் இதுவேதான். இங்கிலீஷ்காரன் மாமிசம் தின்கிறான். ஆகையால் நம்மை ஆள்கிறான். நாமும் தின்றால் அவனை விரட்டிவிடலாம்! அதை நம்பி ஒதுக்குப்புறமான இடங்களில் அவர் இரகசியமாக உண்டதும் உண்டு. எதனால் விட்டார்? மாமிசம் கெட்டது என்று தோன்றியதாலல்ல. வீட்டுக்கு வந்து, "பசியில்லை" என்று தாயாரிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பொறுக்க முடியாமல் விட்டார். பிறகு இங்கிலீஷ்காரன் நம் நாட்டைவிட்டுப் போனதற்கும், போக வைத்தவர் சாப்பிட்டதற்கும் உள்ள சம்பந்தத்தை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

என் மாணவனுடைய சூப்பில் வாசனை அடிக்கும் மீன் என்ன? நம் தெற்குக் கரையிலும் இலங்கையிலும் மாசி என்று ஒன்று விற்கிறார்களே, அதன் ஜப்பானியச் சகோதரன். மீனைப் புகையில் உலர்த்திக் கட்டை போலாக்கி, சீவல் சீவலாகச் சீவி, வெந்நீரில் போட்டுச் சாறெடுக்கிறார்கள். நாம் சாம்பாருக்குப் புளி கரைப்பது போல, அவர்கள் எந்தக் குழம்புக்கும் அந்தச் சாற்றை ஊற்றுகிறார்கள். புளி போட்டிருக்கிறதா என்று கேட்டால் நம் வீட்டு அம்மாள் விழிப்பாளா, மாட்டாளா? அப்படித்தான் அந்தக் கடைக்காரரும் விழிக்கிறார். அதிலும், மாமிசம் என்பதற்கு அவர்கள் பாஷையில் உள்ள சொல்லைக் கேட்டால் மீன் அவர்கள் மனத்தில் வருவதே இல்லை. ஆகவே, "மாமிசம் வேண்டாம்" என்ற பேச்சு அங்கே போதாது.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். இது நம் கும்பகோணத்துப் பிள்ளையின் கதை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த ராமானுஜன், டிரினிடி காலேஜின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காராமல், தம் அறையில் தாமே சமைத்துக் கொண்டார். சிநேகிதர் மகலனோபிஸ் பத்திரிகையில் வந்த கணக்குப் புதிர் ஒன்றைப் படிக்க, அடுப்பில் காயைக் கிளறிக் கொண்டே ராமானுஜன் அதற்கு ஒரு விடையல்ல, அந்த ஜாதிப் புதிர்கள் எல்லாவற்றுக்குமே பொதுவான விடையைச் சொன்னதைக் கணக்கு வாத்தியார்கள் அனைவரும் அறிவார்கள். கரண்டி பிடித்த கை என்று அதை நான் வகுப்பில் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கதையின் மற்றொரு பாதி துக்ககரமானது. அந்த வருஷமே யுத்தம் மூண்டது. நல்ல காய்கறியும் பழமும் கிடைப்பது அரிதாயிற்று. கணக்கில் மூழ்கினால் வேளைக்குச் சமைப்பதும் இல்லை. கூட உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக் கொள்" என்று சொல்ல ஆளும் இல்லை. 1917-ல் படுக்கையில் விழுந்தார். 1920-ல், முப்பத்திரண்டாம் வயதில், காலமானார். அவருடைய வியாதிக்கு உணவுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. க்ஷயம் என்றார்கள் அன்றைய வைத்தியர்கள். ஈரலைப் பற்றிய வேறு நோய் என்று பிற்காலத்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வாதித்திருக்கிறார். ஆனால், விரதம் காப்பது வேறு, உடம்பைக் காயப் போடுவது வேறு என்பதை மட்டும் நம் பிள்ளைகள் அந்தக் கதையிலிருந்து கற்றுக் கொள்ள வேண்டும்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் எட்டு மாணவர்களை அழைத்துக் கொண்டு வடகிழக்கு மலைநாட்டில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. என்னையும் சேர்த்து நான்கு பேர் மாமிசம் உண்ணாதவர்கள். முதல் கடையில் பருப்பு என்று வாங்கியதில் மாமிசத் துண்டு மிதந்தது. "அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுங்களேன்" என்று கடைக்காரர் சாவதானமாகச் சொன்னார். நான் முகத்தைச் சுளித்துக் கொண்டு, பையன்கள் எதிரில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வந்ததும், மாமிசம் உண்ணும் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "ஸார், அவர் நம்மை ஏமாற்றவில்லையே! நாம் கேட்டது அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாலும் இப்படித்தான் முகம் சுளிப்பீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த கடையில் ஓர் அம்மாள் கடையைக் கட்டிக் கொண்டிருந்தாள். இம்முறை நான் பேசவில்லை. அந்தப் பையனே பேசினான். கையால் ஜாடை காட்டி, உருளைக்கிழங்கையும் பருப்பையும் அரிசியையும் தொட்டுக் காட்டி, மற்றதற்கெல்லாம் தலையை அசைத்தான். அவள் சிரித்துவிட்டு, ஒரு பாத்திரத்தை எங்கள் கண்ணெதிரே தேய்த்துக் கழுவி, உலை வைத்தாள். அந்தச் சோற்றின் ருசியை இன்று வரை வேறெங்கும் நான் கண்டதில்லை. எட்டுப் பையன்களும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டோம்.

நம் நாட்டில் இந்த விஷயம் வெறும் நாக்கு விஷயம் மாத்திரமல்ல. எதை உண்பது என்பதோடு யாரோடு உண்பது என்பதையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். தேசத்துக்காகத் தியாகம் செய்தவரான வ.வே.ஸு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்திலேயே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டதால் 1924, 25-ம் வருஷங்களில் தமிழ்நாடு இரண்டுபட்டது. இலையில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு. பக்கத்து இலையில் உட்காருகிறவனைத் தாழ்வாக நினைக்க எவனுக்கும் உரிமை கிடையாது. மரக்கறி உணவு ஜீவகாருண்யத்திலிருந்து பிறந்ததானால், மனிதனும் ஜீவன்தானே?

இனி என் மாணவனுக்கு:

"அன்புள்ள தம்பி, முதலில் ஒரு காகிதத்தில், உன்னுடன் வேலை செய்யும் ஜப்பானியர் ஒருவரைக் கொண்டு, 'மாமிசம், மீன், நத்தை, சிப்பி, மீன்சாறு ஒன்றும் சேர்க்கலாகாது, கடற்பாசிச் சாறும் காளான் சாறும் சேர்க்கலாம்' என்று அவர்கள் பாஷையிலேயே எழுதி வாங்கிக் கொள். எதை உண்ண மாட்டாய் என்று சொல்வதைவிட எதை உண்பாய் என்று சொல்வது கடைக்காரருக்கு உபகாரம். கூட்டமில்லாத வேளையில், முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வா. புத்தர் கோயில்களில் பரம்பரையாகச் சமைக்கும் மரக்கறி விருந்து உண்டு. கூக்காய் முனிவர் 816-ல் ஸ்தலம் பெற்று ஸ்தாபித்த கோயா மலையில் இன்றும் யாத்திரிகர்களைத் தங்க வைத்து அந்தச் சாப்பாட்டைப் போடுகிறார்கள். லீவு நாளில் ஒருமுறை போய் வா. அந்நிய தேசத்திலும் உன் விரதத்துக்குப் பழைய உறவினர் உண்டு என்று தெரிந்தால் மனத்துக்குத் தெம்பு வரும். நேபாளத்தார் நடத்தும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. கைபேசியில் தேடிப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அரிசிச் சட்டி வாங்கிச் சமைக்கக் கற்றுக் கொள். அரிசி, சோயாக்கட்டி, பால், தயிர், கீரை இவ்வளவும் அங்கே தாராளமாகக் கிடைக்கும்போது நீ இளைப்பானேன்? வாரத்தில் ஒருநாள் உன் ஜப்பானியத் தோழர்களைக் கூப்பிட்டு ரஸம் சாதம் போடு. தனியாக உண்ணாதே.

"வாக்கைப் பற்றிக் கேட்டாய். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் முடியாவிட்டால், அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதி விடுதலை கேள். பிள்ளை மெலிவதைவிட வாக்கு மெலிவதை எந்தத் தாயும் பொறுத்துக் கொள்வாள். ஆனால் திருட்டுத்தனமாக மட்டும் உண்ணாதே. தொண்டைக்குள் போவது மாமிசமானாலும் மரக்கறியானாலும், பொய்யைச் சேர்த்து விழுங்கினால் ஜீரணமாகாது. உன் அம்மாவின் விரதம் ஒருநாள் உன் சொந்த விரதமாகுமா, ஆகாதா என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். உன்னுடைய பாரிங்டன் தெரு எங்கேயோ இருக்கிறது. நடந்து பார்."

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன். பதில் வந்ததும் நேயர்களுக்குத் தெரிவிக்கிறேன்.